கண் காயத்துக்கு மருத்துவப் பசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவிழியில் (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலம்) துளை விழுந்திருக்கிறது, பசை வைத்து அடைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலானவர்கள் திகைத்துப் போகிறார்கள். கேட்க நினைப்பதை அந்த நேரத்தில் கேட்கவும் வராது. கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவில் வேலை பார்ப்பதால், அப்படிக் கேட்காமல் விட்டு, பிறகு வராந்தாவில் நிறுத்திக் கேட்கப்படும் கேள்விகள் எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால், அவர் சொல்வதையே கேளுங்கள்.

கண்ணில் போய்ப் பசை போடுவார்களா?

போடுவார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க நடக்கும் சிகிச்சை இது. பசை போவது கண்ணுக்குள் அல்ல, கண்ணின் மேற்பரப்பில். அதுவும் ஒரு சொட்டுக்கும் குறைவான அளவு.

கருவிழி நடுப்பகுதியில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். அதற்குப் பின்னால் தெளிந்த நீர் போன்ற ஒரு திரவம் நிறைந்திருக்கிறது. கண் உருண்டையாக, விறைப்பாக நிற்பதற்கு அந்தத் திரவத்தின் அழுத்தம் வேண்டும். கருவிழியில் துளை விழுந்தால் திரவம் கசியும், அழுத்தம் இறங்கும், பின்னால் இருக்கும் ஐரிஸ் என்ற நிறமுள்ள வளையம் முன்னால் நகர்ந்து துளையில் வந்து ஒட்டிக்கொள்ளும். இதைவிடப் பெரிய ஆபத்து, வெளியில் இருக்கும் கிருமி கண்ணுக்குள் நுழைய வழி திறந்துவிடுகிறது என்பது. உள்ளே தொற்று பரவினால் ஓரிரு நாளில்கூடப் பார்வை போய்விடலாம். அந்த வழியை அடைக்கத்தான் பசை.

அது கடையில் விற்கும் சூப்பர் க்ளூவேதானா?

குடும்பம் ஒன்று, பொருள் வேறு. இரண்டுமே சயனோஅக்ரிலேட் வகை. கடையில் கிடைப்பது பெரும்பாலும் எத்தில் சயனோஅக்ரிலேட். மருத்துவத்தில் பயன்படுவது பியூட்டைல் அல்லது ஆக்டைல் சயனோஅக்ரிலேட். பெயரில் உள்ள அந்தச் சின்ன மாற்றம்தான் முக்கியம். மூலக்கூறின் பக்கச் சங்கிலி குட்டையாக இருந்தால் பசை சீக்கிரம் சிதையும். சிதையும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற, திசுவை எரிக்கும் பொருள்கள் வெளிவரும். சங்கிலி நீண்டால் சிதைவு மெதுவாகும், திசுவுக்குச் சேதமும் குறையும். தவிர, மருத்துவப் பசை கிருமி நீக்கப்பட்டு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பியில் வரும். கடைப் பசைக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

தோல் காயங்களை ஒட்டுவதற்கு என்று அனுமதி பெற்ற பசையைத்தான் பல இடங்களில் கண் மருத்துவர்கள் கருவிழிக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, கருவிழியில் போடுவது அந்தப் பசையின் உறையில் எழுதியிருக்கும் பயன் அல்ல. நீண்டகால மருத்துவ அனுபவத்தை வைத்துச் செய்வது. சம்மதப் படிவத்தில் இதைக் குறிப்பிட்டிருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

யாருக்கு முதலில் தோன்றியது இந்த யோசனை?

சயனோஅக்ரிலேட் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவரின் குழுவிடம் தற்செயலாகச் சிக்கியது. துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார்கள். இது தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் ஒதுக்கிவிட்டார்கள். 1951-இல் மறுபடி அதே பொருளைக் கையில் எடுத்தபோதுதான் பசையாக அதன் மதிப்பு தெரிந்தது. 1958-இல் விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் காயத்தின் ரத்தப்போக்கை நிறுத்த இதைத் தெளித்திருக்கிறார்கள். கருவிழித் துளையைப் பசையால் அடைத்த செய்தி 1968-இல் மருத்துவ இதழில் வெளியானது. அதை எழுதியவர்களில் ஒருவர் கிளேஸ் டோல்மன். நவீன கருவிழி மருத்துவத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்.

எந்தக் காயத்துக்குப் பசை பொருந்தும்?

பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளைகளுக்கு. 1 அல்லது 2 மில்லிமீட்டர் துளை என்றால் இன்னும் நன்றாக நிற்கும். துளை விழவில்லை, ஆனால் கருவிழி கரைந்து கரைந்து கடைசி மெல்லிய படலம் மட்டும் மிஞ்சி, எந்த நேரமும் உடையலாம் என்ற நிலையிலும் முன்கூட்டியே பசை வைப்பதுண்டு. குச்சியோ கம்பியோ குத்திய சிறு காயம், சரியாக மூடாத அறுவைச் சிகிச்சைக் கீறல், கண் அழுத்த நோய்க்குச் செய்த அறுவையின் கசிவு இவற்றுக்கும் சில சமயம் பயன்படும்.

பசை வேண்டிவருபவர்களில் கணிசமானவர்களுக்கு அடிபட்டதே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறாத கருவிழிப் புண், கண்ணில் வரும் அக்கி, கடுமையான கண் வறட்சி, முடக்குவாதம் போன்ற நோய்களில் கருவிழி தானாகவே கரைந்து துளை விழும். “எனக்கு அடியே படலையே” என்று நோயாளி குழம்புவது இதனால்தான்.

எதற்குப் பொருந்தாது?

பெரிய கிழிசல், ஐரிஸோ உள்ளிருக்கும் வேறு திசுவோ வெளியே பிதுங்கி நிற்கும் காயம், கண்ணுக்குள் ஏதாவது துகள் போய்த் தங்கியிருக்கும் காயம். இவற்றுக்கு அறுவை அரங்கில் தையல்தான்.

தையல் உறுதியானது இல்லையா? பிறகு ஏன் பசை?

நேர்க்கோட்டில் கிழிந்த காயத்துக்குத் தையலுக்கு நிகர் எதுவும் இல்லை. தலைமுடியை விட மெல்லிய நைலான் நூலால் நுண்ணோக்கியில் பார்த்துத் தைப்பார்கள். ஆனால் புண்ணில் கரைந்து விழுந்த துளையில் தைக்கப் போனால் ஊசியைப் பிடித்துக்கொள்ள ஓரத்தில் திடமான திசு இருக்காது. நூலை இறுக்கினால் அது மேலும் அறுந்துகொண்டு போகும். திசு கொஞ்சம் இல்லாமலே போயிருப்பதால், இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்தால் கருவிழி சுருங்கிக் கோணலாகிவிடும். பசை எதையும் இழுப்பதில்லை. இருக்கிற இடத்தில் மூடி நிற்கிறது.

இன்னொரு காரணம் நேரம். தானமாகக் கிடைக்கும் கருவிழியை வைத்துத் துளையை மூடலாம். ஆனால் அது கேட்ட நேரத்தில் கிடைத்துவிடாது. கிடைத்தாலும், சிவந்து வீங்கி, தொற்று அடங்காத கண்ணில் வைத்த கருவிழியை உடல் ஏற்காமல் போகும் வாய்ப்பு அதிகம். பசை வைத்துக் கண்ணை மூடி, அழற்சியை அடக்கி, அமைதியான கண்ணில் பிறகு மாற்றுக் கருவிழி வைத்தால் அது தங்கும் வாய்ப்பு கூடும். பசையின் பெரிய பலன் இந்த அவகாசம்தான் என்பேன். கண்ணைக் குணப்படுத்துவது பசை அல்ல. குணப்படுத்தும் மருந்தும் அறுவையும் வேலை செய்யும்வரை கண்ணைப் பிடித்து வைத்திருப்பது பசை.

எப்படிப் போடுவார்கள்? வலிக்குமா?

பெரும்பாலும் மரத்துப்போகும் சொட்டு மருந்து போதும். குழந்தைகளுக்கும், அசையாமல் படுக்க முடியாதவர்களுக்கும் மயக்க மருந்து தேவைப்படலாம். அறுவை அரங்கில் நுண்ணோக்கியின் கீழே செய்வார்கள். சில மருத்துவமனைகளில், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியின் முன்னால் உட்கார வைத்தே முடித்துவிடுவார்கள்.

இமைகளை விலக்கிப் பிடிக்க ஒரு கம்பிக் கவ்வி வைப்பார்கள். வலிக்காது, ஆனால் கண் சிமிட்ட முடியாதது சிரமமாக இருக்கும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டியதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த கட்டம் புரியும்: ஒட்டப்போகும் இடத்தைச் சுரண்டி, ஈரம் போகத் துடைப்பது. துளையைச் சுற்றி அழுகிய திசுவையும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல்தோலையும் நீக்குவார்கள். மேல்தோலோடு சேர்த்து ஒட்டினால் அது உரியும்போது பசையும் கூடவே வந்துவிடும். பிறகு சிறு முக்கோணப் பஞ்சால் ஒற்றி ஒற்றி உலர்த்துவார்கள். இங்கேதான் மருத்துவரின் பொறுமை தெரியும். இந்தப் பசை ஈரம் பட்டால் இறுகும் ரகம். கசியும் திரவத்தின் மேலே விழுந்தால் திசுவைப் பிடிக்காமல் திரவத்தின் மேலேயே ஆடையாக இறுகிவிடும். கசிவு நிற்காவிட்டால், கருவிழிக்குப் பின்னால் சிறு காற்றுக் குமிழையோ கெட்டியான ஜெல்லையோ செலுத்தித் திரவத்தைத் தடுப்பார்கள். ஐரிஸைத் துளையிலிருந்து பின்னுக்குத் தள்ளி வைக்கவும் அது உதவும்.

பசை வைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. மெல்லிய ஊசி நுனியால் மிகச் சிறிய புள்ளியாகத் துளையின் மேல் நேராக வைப்பது ஒன்று. கிருமி நீக்கிய பிளாஸ்டிக் விரிப்பிலிருந்து சில மில்லிமீட்டர் வட்டமாக ஒரு வில்லை வெட்டி, அதன் மேல் பசைப்புள்ளியை வைத்து, வில்லையோடு துளையின் மேல் அமர்த்துவது மற்றொன்று. துளை சற்றுப் பெரிதாக இருந்தால் இரண்டாவது முறை கைகொடுக்கும். பசை உள்ளே நழுவாது. சில நொடிகளில் இறுகத் தொடங்கும். இறுகும்போது லேசாகச் சூடும் வரும். அளவைக் குறைவாக வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தடிமனாக வைத்த பசை சீக்கிரம் பெயர்ந்துவிடும் என்பது இன்னொன்று.

கடைசியாக, ஃப்ளூரசீன் என்னும் மஞ்சள் சாயத்தைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கசிவு மிச்சமிருந்தால் சாயத்தைக் கரைத்துக்கொண்டு திரவம் கோடாக இறங்குவது தெரியும். கசிவு இல்லை என்று உறுதியானதும், இறுகிய பசையின் சொரசொரப்பு இமையில் உரசாமல் இருக்க ஒரு மெல்லிய பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸை மேலே வைப்பார்கள்.

மருந்தின் மரப்பு தெளிந்த பிறகு உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் கூசும். அது சில நாளில் தணிய வேண்டும். கூடிக்கொண்டே போனால் தெரிவியுங்கள்.

துளையை அடைப்பது தவிர வேறு பலன் உண்டா?

உண்டு. கருவிழி கரைவதற்கு முக்கியக் காரணம், கண்ணீர் வழியாக வந்து சேரும் வெள்ளை அணுக்கள் வெளிவிடும் நொதிகள். அவை கருவிழிக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை அரிக்கும். பசை அந்த இடத்தை மூடிவிடுவதால் வெள்ளை அணுக்கள் அங்கே வந்து சேர முடிவதில்லை. அரிப்பு அங்கே நிற்கிறது. சில வகைப் பாக்டீரியாக்கள் பெருகாமல் தடுக்கும் தன்மையும் சயனோஅக்ரிலேட்டுக்கு இருக்கிறது. அதை நம்பிச் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது.

ஃபைப்ரின் பசை என்றும் சொல்கிறார்களே, அது என்ன?

அது முற்றிலும் வேறு. மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த ஃபைப்ரினோஜனும் திராம்பினும் தனித்தனியாக வரும். இரண்டும் கலந்த இடத்தில் ரத்தம் உறைவதன் கடைசிக் கட்டம் அப்படியே நடந்து வழவழப்பான படலமாக இறுகும். உறுத்தாது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் உடலே அதைக் கரைத்துவிடும்.

வெண்விழியிலிருந்து கருவிழியின் மேல் படரும் சதை வளர்ச்சியை அகற்றிய இடத்தில் கண்ணின் வேறு பகுதியிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை ஒட்ட இதுதான் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. தையல் போட்டால் ஏற்படும் உறுத்தலும் வலியும் குறைகின்றன, அறுவை சீக்கிரம் முடிகிறது. ஒட்டிய சவ்வு நகர்ந்துவிடும் வாய்ப்பு மட்டும் தையலை விடச் சற்று அதிகம். அதனால் முதல் சில நாட்கள் கண்ணைக் கசக்கவே கூடாது. பனிக்குட சவ்வை (கருப்பையில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய சவ்வு) கருவிழியின் மேல் பதிப்பதற்கும் இதைப் பயன்படுத்துவார்கள்.

கருவிழித் துளையிலும் ஃபைப்ரின் போடலாம். சயனோஅக்ரிலேட்டோடு ஒப்பிட்டால், ஃபைப்ரின் போட்ட கண்கள் விரைவாக ஆறுகின்றன, கருவிழிக்குள் ரத்தக்குழாய் படர்வதும் குறைவு; ஆனால் அடைப்பு உறுதியாவதற்கு அதிக நேரம் பிடிக்கிறது, பிடிப்பும் அவ்வளவு வலுவாக இல்லை. எது உங்களுக்கு என்பதைத் துளையின் அளவும் இடமும்தான் தீர்மானிக்கும். ஒன்று உயர்ந்தது, மற்றது மட்டம் என்று பார்க்கத் தேவையில்லை.

பிறர் ரத்தத்திலிருந்து எடுத்ததென்றால் நோய் தொற்றாதா?

தானம் செய்பவரைப் பரிசோதிப்பதும், பிளாஸ்மாவில் வைரஸைச் செயலிழக்கச் செய்வதும் தயாரிப்பின் கட்டாயப் படிகள். ஆபத்து மிகமிகக் குறைவு. பூஜ்யம் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். சில தயாரிப்புகளில் மாட்டிலிருந்து எடுத்த அப்ரோட்டினின் என்ற புரதம் இருக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்கள், மத நம்பிக்கை காரணமாக ரத்தப் பொருளோ மாட்டுப் பொருளோ வேண்டாம் என்பவர்கள் முன்பே சொல்லிவிடலாம்.

பசை வைத்த பிறகு பார்வை தெரியுமா?

பசை இருக்கும் இடம் மங்கலாகத்தான் தெரியும். சயனோஅக்ரிலேட் இறுகினால் வெண்மையான, ஒளி ஊடுருவாத சில்லாகிவிடும். துளை கருவிழியின் ஓரத்தில் என்றால் பார்வை அதிகம் மறையாது. நட்டநடுவில் என்றால் பசை இருக்கும்வரை அந்தக் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. பசை போன பிறகும் அந்த இடத்தில் தழும்பு மிஞ்சும். எனவே “பார்வை வரவில்லையே, சிகிச்சை தோற்றுவிட்டதோ” என்று முதல் வாரத்திலேயே மனம் விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கசிவு நின்றதா, தொற்று அடங்குகிறதா என்பதைத்தான்.

எத்தனை நாள் இருக்கும்? தானாக விழுந்தால்?

சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். கீழே திசு ஆறி, புதிய மேல்தோல் பசைக்கு அடியில் வளர்ந்து வந்ததும் பசை தளர்ந்து தானாகப் பெயரும். அப்படிப் பெயர்ந்தால் நல்ல செய்தி. ஆறுவதற்கு முன்பே பெயர்ந்தால் மறுபடி கசியும். பார்த்த மாத்திரத்தில் இரண்டில் எது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. லென்ஸில் சிறு வெள்ளைச் சில்லு ஒட்டியிருப்பதைக் கண்டாலோ, லென்ஸே கழன்று விழுந்தாலோ, மறுபடி பொருத்த முயலாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மறுபடி பசை வைக்க வேண்டியிருந்தால் வைப்பார்கள். அது அபூர்வம் அல்ல.

வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பசை வைப்பது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதைக் காப்பாற்றுவது வாரக்கணக்கில் வீட்டார் கையில் இருக்கிறது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை மட்டும் மெதுவாக இறக்கி, ஒரு சொட்டு. மேல் இமையைத் தூக்கி அழுத்த வேண்டாம்; குப்பி நுனி இமையிலோ லென்ஸிலோ படக் கூடாது. இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். லென்ஸ் இருக்கும்வரை, டாக்டர் சொல்லாமல் கண்ணில் களிம்பு வைக்காதீர்கள். கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டோ மாத்திரையோ தந்திருந்தால், “எனக்குத்தான் பிரஷர் இல்லையே” என்று நிறுத்திவிடாதீர்கள். உள்ளிருந்து பசையைத் தள்ளும் விசையைக் குறைக்கத்தான் அது.

தூங்கும்போது கண்ணின் மேல் பிளாஸ்டிக் கவசம் கட்டாயம். தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும், அதை யாராலும் தடுக்க முடியாது. தலைக்குக் குளிப்பதையும் நீச்சலையும் டாக்டர் அனுமதிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். முக்கிக் கனம் தூக்குவதும், மலச்சிக்கலோடு முக்குவதும், அடக்க முடியாத இருமலும் கண்ணின் மேல் அழுத்தம் கூட்டும். இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம்.

முடக்குவாதம் போன்ற நோயால் கருவிழி கரைந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நோயைப் பார்க்கும் மருத்துவரிடமும் உடனே போக வேண்டும். உடம்பின் உள்ளே அழற்சி எரிந்துகொண்டிருந்தால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த துளை விழும். கண் மருத்துவர் எத்தனை முறை ஒட்டினாலும் அதைத் தடுக்க முடியாது.

எந்த அறிகுறிக்கு உடனே ஓட வேண்டும்?

வலி திடீரென்று கூடுவது, கண்ணிலிருந்து வெதுவெதுப்பான நீர் குபுக்கென்று வழிவது, பார்வை சட்டென்று மங்குவது, சீழ், கருவிழியில் புதிதாக வெள்ளைப் படலம். நள்ளிரவானாலும் காத்திருக்க வேண்டாம்.

பக்கவிளைவுகள் என்னென்ன?

பசை நீண்ட நாள் இருந்தால் அதை நோக்கிக் கருவிழிக்குள் ரத்தக்குழாய் படரலாம். சொரசொரப்பு உரசி மேல் இமையின் உட்புறம் கொப்புளம் கொப்புளமாகத் தடிக்கலாம். கண் அழுத்தம் ஏறலாம். பசைக்கு அடியிலோ ஓரத்திலோ புதிய தொற்று வரலாம். அரிதாகப் பசை துளைக்குள் நழுவி ஐரிஸையோ கண்ணுக்குள் இயற்கையாக இருக்கும் லென்ஸையோ தொட்டால் அங்கே ஒட்டுதலும் கண்புரையும் உண்டாகலாம். இவற்றில் பலவற்றை முறையான மறுபரிசோதனையில் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

கருவிழி மாற்று அறுவை பிறகு கண்டிப்பாக வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். சிறிய துளை பசைக்கு அடியில் முழுக்க ஆறி, தழும்பு ஓரத்தில் அமைந்துவிட்டால் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போதுமானதாக இருக்கும். பசை நிற்கவில்லை, துளை பெரிதாகிறது என்றால் உடனடியாக. ஆறிய தழும்பு பார்வையை மறைக்கிறது என்றால் மாதங்கள் கழித்து, கண் அமைதியான பிறகு.

குழந்தையின் புருவத்துக் கிழிசலைப் பசையால் ஒட்டினார்கள். அது கண்ணில் வழிந்தால்?

புருவத்திலும் இமைத் தோலிலும் ஏற்படும் சிறு வெட்டுக்குப் பசை நல்ல தீர்வு. ஊசியும் இல்லை, தையல் பிரிக்கும் அழுகையும் இல்லை. வழியாமல் இருக்க, தலையைச் சாய்த்து, பசை கண்ணுக்கு எதிர்ப்பக்கம் ஓடும்படி படுக்கவைத்து, இமையின் மேல் ஈரத் துணியோ வாசலின் கரையோ வைத்துக்கொள்வார்கள். வழிந்து இமைமுடிகள் ஒட்டிவிட்டால் கண்ணுக்கேற்ற களிம்பைத் தடவி மெதுவாக விடுவிக்கலாம். இமையின் விளிம்பையே கிழித்த காயத்தையும், மூக்கை ஒட்டிய உள்மூலையில் பட்ட காயத்தையும் பசையால் மூடவிடாதீர்கள். அங்கே கண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அது அறுந்திருந்தால் கண் மருத்துவர்தான் தைக்க வேண்டும்.

வீட்டில் இருந்த சூப்பர் க்ளூ கண்ணில் விழுந்துவிட்டது. என்ன செய்வது?

இமையைப் பிரித்து இழுக்காதீர்கள். இதுதான் முதல் விஷயம். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வதும் இதைத்தான். இழுத்தால் இமைத்தோலும் கருவிழியின் மேல்தோலும் சேர்ந்து உரியும்.

வெதுவெதுப்பான சுத்தமான நீரால் கண்ணையும் இமையையும் 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். திறக்க முடிந்த அளவே திறக்கட்டும். பிறகு ஈரத் துணியை மேலே வைத்துக்கொண்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல், எண்ணெய் எதுவும் கூடாது. விரலில் ஒட்டிய பசையை அசிட்டோன் கரைக்கும் என்பது உண்மை. அதே அசிட்டோன் கண்ணில் பட்டால் பசையை விட மோசமான காயத்தை உண்டாக்கும்.

ஆறுதலான விஷயம், கண்ணின் மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருப்பதால் பசை அங்கே ஆழமாகப் பிடிக்காமல் சில்லாக இறுகி மிதக்கும். பெரும்பாலும் ஒட்டியிருப்பது இமைமுடிகள்தான். மருத்துவர் அவற்றைக் கத்தரித்து இமையைத் திறப்பார், சில்லை எடுப்பார். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சில நாட்களில் தானாகவே தளர்ந்துவிடுவதுண்டு. கருவிழியில் சிராய்ப்பு இருந்தால் அதற்குச் சொட்டு மருந்து தருவார். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்காக மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. பசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது பார்த்தால்தான் தெரியும்.

இந்த விபத்து பெரும்பாலும், கண் சொட்டு மருந்து என்று நினைத்துப் பசைக் குப்பியை எடுப்பதால் நடக்கிறது. இரண்டும் ஒரே அளவில், ஒரே மாதிரி கூர்முனையோடு இருக்கும். பார்வை ஏற்கெனவே மங்கியவர்கள்தான் சொட்டு மருந்தை அதிகம் பயன்படுத்துபவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பசையும் சொட்டு மருந்தும் ஒரே அறையில்கூட இருக்க வேண்டாம்.

கண்ணில் ஏதோ குத்திவிட்டது. மருத்துவமனைக்குப் போகும்வரை என்ன செய்யலாம்?

குத்திய பொருள் கண்ணிலேயே நின்றால் பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள், சொட்டு மருந்தோ களிம்போ விடாதீர்கள். கண்ணைத் தொடாமல், சுற்றியுள்ள எலும்பின் மேல் அமரும்படி காகிதக் கோப்பையின் அடிப்பாகம் போன்ற கெட்டியான ஒன்றை வைத்து ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிட வேண்டாம், குடிக்க வேண்டாம். கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரியும் கண்மணி வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு பக்கம் இழுத்திருந்தால் துளை விழுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட காயத்தை 24 மணி நேரத்துக்குள் மூடுவது உள்தொற்றைத் தடுக்க மிக முக்கியம். வலி குறைவாக இருப்பதால் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பல கண்களை இழக்க வைக்கிறது.

ரசாயனம் தெறித்திருந்தால் மட்டும் நேர்மாறு: அந்த நொடியே நீரால் கழுவத் தொடங்க வேண்டும்.

புதிய பசைகள் வருகின்றனவாமே?

வருகின்றன. கண்புரை அறுவையின் கீறலில் கசிவைத் தடுக்க ரீஷுர் என்ற, பாலிஎத்திலீன் கிளைக்கால் அடிப்படையிலான ஜெல் பூச்சுக்கு 2014-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மிருதுவானது, சில நாளில் தானே உதிர்ந்துவிடும். ஆனால் அனுமதி அந்தக் கீறலுக்கு, அடிபட்ட துளைக்கு அல்ல. 2017-இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணின் சூட்டில் கெட்டியாகி, குளிர்ந்த நீர் விட்டால் இளகி வந்துவிடும் ஒரு ஜெல்லை அறிவித்தார்கள். போர்க்களம் போல அறுவை அரங்கு தொலைவில் உள்ள இடங்களில், வெண்விழிக் கிழிசலைத் தற்காலிகமாக மூடுவதற்கானது அது. 2019-இல் ஜெலட்டினிலிருந்து செய்து, வெளிச்சம் பட்டால் இறுகும் ஜெல்கோர். 2020-இல் திரவமாக ஊற்றி உடல் சூட்டில் இறுகும் லிக்விட் கார்னியா. பின்னவை இரண்டின் நோக்கமும் துளையை மூடுவதோடு நிற்காமல், கருவிழியின் செல்கள் அதற்குள் வளர்ந்து புதிய திசுவாக மாற வேண்டும் என்பது. இந்த ஆய்வுகள் விலங்குகளின் கண்ணில் செய்யப்பட்டவை. இவற்றின் மேல் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் இன்று துளை விழுந்த கண்ணோடு இருப்பவர் இவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது.

பசை இருக்கும்போது எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? விமானத்தில் போகலாமா?

பசையில் உலோகம் இல்லை, அதனால் எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை. ஆனால் உலோகத் துகள் தெறித்துப் பட்ட காயம் என்றால், கண்ணுக்குள் துகள் எதுவும் இல்லை என்று சி.டி. ஸ்கேனில் உறுதிசெய்யும்வரை எம்.ஆர்.ஐ. கூடாது; காந்தம் துகளை நகர்த்திவிடும். பசை வைக்கும்போது கண்ணுக்குள் காற்றுக் குமிழ் விட்டிருந்தால், அது கரையும்வரை விமானப் பயணம் வேண்டாம். உயரத்தில் காற்று விரிந்து கண் அழுத்தத்தை ஏற்றும். குமிழ் விட்டார்களா என்பதை மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.